லேபிளுக்கு அடியில்

மனிதர்களைப் படிப்பதில் மஸரத்துக்கு என்றைக்குமே சாமர்த்தியம் போதாது. இழைகளைப் படிக்கச் சொல்லுங்கள், ஸ்ரீநகரில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இழையைக் கிடத்தி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் போதும், அதன் பூர்வீகத்தையே சொல்லிவிடுவாள். செம்மறி ஆட்டு ரோமம் என்றால் செதில்கள் நெருக்கமாக, பைன் காய் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கும். மலையாட்டின் அடிரோமமான பஷ்மினா மெல்லிசு. காகிதக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளமாக அடுக்கியது போல, செதில் விளிம்புகள் தள்ளித் தள்ளி, உடம்போடு ஒட்டி இருக்கும். முயல் ரோமத்துக்குள் ஏணி தெரியும். பருத்தி தட்டையாக முறுக்கிக்கொண்டு கிடக்கும். நைலானுக்கு இந்த மாதிரி ஒன்றும் கிடையாது. செதில் இல்லை, முறுக்கு இல்லை. வெறும் கண்ணாடிக் குச்சி.

"வழவழன்னு இருக்கறதைத்தான் முதல்ல சந்தேகப்படணும்" என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். ஊருக்குச் சொன்ன புத்தி வீட்டுக்கு உதவவில்லை.

ஷால் வியாபாரிகள் சங்கம் நடத்தும் சின்னப் பரிசோதனைக்கூடம் அது. ஷாலைக் கொண்டுவந்தால் இரண்டு மூன்று நூல் உருவிப் பார்ப்பார்கள். முழுக்கப் பஷ்மினா, முழுக்கக் கையால் நூற்றது என்று தெரிந்தால் மூலையில் ஒரு லேபிள் தைத்துத் தருவார்கள். லேபிளில் மஸரத்தின் கையெழுத்து இருக்கும். அந்தக் கையெழுத்து இருந்தால் ஷாலுக்கு ஒரு மரியாதை, இல்லாவிட்டால் வேறு மரியாதை. ஊரில் ஷால் விற்கிறவர்களில் பாதிப் பேர் அவளைக் கண்டால் எதிர்ச் சந்தில் திரும்பிவிடுவார்கள்.

குழாய்த் தண்ணீர் உறைந்து கிடந்த ஒரு காலையில், கூடத்தின் தலைவர் த்ராபூ சாகிப் அவளைக் கூப்பிட்டார். ஃபெரன் அங்கிக்குள் காங்ரிக் கணப்புச் சட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபெரனின் கழுத்து வழியாகக் கரி வாசனை வந்தது. மேஜைமேல் ஒரு பெட்டி நிறைய ஷால்கள்.

"கதவைச் சாத்திட்டு வாம்மா."

சாத்திவிட்டு வந்தாள்.

"எல்லாம் உன் கையெழுத்து. எல்லாம் உங்க அண்ணன் கடைச் சரக்கு. வாங்கினவங்க அவங்க ஊர்ல சோதிச்சுப் பாத்திருக்காங்க. நைலான் கலந்திருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"இருக்கவே இருக்காது சார்."

"நானும் அதைத்தான் சொன்னேன். ஆனா சங்கத்துல ஒரே கூச்சல். லேபிள் பொய்யா, வாங்கினவன் சொல்றது பொய்யா, ரெண்டுல ஒண்ணு நாளைக்கு நான் எழுதிக் குடுத்தாகணும். லேபிள் பொய்னு ஆச்சுன்னா..."

"நான் வேலையை விட்டுப் போகணும். அவ்வளவுதானே?"

"நீ மட்டும் போனாப் பரவாயில்லையே! இந்த லேபிளை நம்பித்தான் ஊர்ல நூக்கிற பொம்பளைங்க அத்தனை பேரும் அடுப்பு மூட்டறாங்க. லேபிளுக்கு மதிப்பு இல்லேன்னா மெஷின் நூலுக்கும் அவங்க நூலுக்கும் என்ன வித்தியாசம்? எவன் வாங்குவான்?" சாகிப் காங்ரியைக் கிளறிக்கொண்டே தயங்கினார். "வேற யாரையாவது பாக்கச் சொல்லட்டுமா? சொந்த அண்ணன் சரக்கு..."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "சொந்த அண்ணன் சரக்குங்கறதால ரெண்டு தடவை பாப்பேன் சார். நானே பாக்கறேன்."

பெட்டியைத் தன் அறைக்குத் தூக்கிப் போனாள். மேலே இருந்த ஷாலை எடுத்து, லேபிள் தையலைப் பிரித்து, அதற்கு அடியில் இருந்து பாவு நூலில் ஒன்றும் ஊடை நூலில் ஒன்றும் உருவினாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, அதே காகிதக் கோப்பை வரிசை. பஷ்மினாவைத் தவிர வேறு எதுவும் இல்லை. செதில் விளிம்புகளில் அங்கங்கே ஏதோ துணுக்கு ஒட்டியிருந்தது. அயோடின் ஒரு சொட்டு விட்டாள். துணுக்கெல்லாம் நீலமானது. அரிசி மாவு. இந்த ஊர்ப் பெண்கள் பஷ்மினாவை அரிசி மாவில் புரட்டி வைத்துத்தான் நூற்பார்கள். எத்தனை தடவை அலசினாலும் செதிலுக்கு அடியில் கொஞ்சம் தங்கிவிடும். மெஷின்காரனுக்கு மாவும் தேவையில்லை, பொறுமையும் கிடையாது.

பெட்டியில் இருந்த எல்லா ஷாலும் அப்படியே இருந்தன. ஒன்றுகூடத் தப்பில்லை. மஸரத் சாகிப்பின் அறைக்குள் கிட்டத்தட்ட ஓடினாள்.

"சுத்தம் சார். கையால நூத்ததுதான்."

"எங்கேருந்து எடுத்தே?"

"எப்பவும் எடுக்கற இடத்துலதான்."

சாகிப் தலையை ஆட்டினார். அவருக்கும் அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. எல்லாரும் எடுக்கிற இடம்தான் அது. "அப்படின்னா வாங்கினவன்தான் புளுகறான்" என்றார்.

அந்த 'எப்பவும் எடுக்கற இடம்' எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். மஸரத் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விதிப்படி நடுவிலிருந்துதான் நூல் உருவுவாள். ஒருநாள் வயதான நெசவாளி ஒருவர் கொண்டுவந்த ஷாலில் அப்படி உருவினாள். கொசுவலை மாதிரி மெல்லிய நெசவு. நூல் போன இடத்தில் கோடு விழுந்துவிட்டது. ஷால் சுத்தம்தான், ஆனால் கோடு விழுந்த ஷாலை யார் வாங்குவார்கள்? மனிதர் அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மஸரத்தும் சோறு தின்னாமல் அழுதாள்.

அப்போது அவளைத் தேற்றியவர் அண்ணன் நிஸார்தான். "ஏன்டி அழறே? மூலையில எடு. லேபிளைத் தைக்கப் போறே இல்ல, அந்த இடத்துலயே உருவு. காயத்தை லேபிள் மறைச்சிடும். ஷால்ங்கறது ஒரே பாவு, ஒரே ஊடை. மூலையில என்னவோ அதுதானே நடுவுலயும்?"

அவளுக்கு அது தேவவாக்காகப் பட்டது. மறுநாளே கூடத்தில் சொன்னாள். சாகிப் மெச்சினார், நெசவாளிகள் அவளை வாழ்த்தினார்கள். கொஞ்ச நாளில் அதுவே கூடத்தின் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்துக்குப் பின்னால் அண்ணனின் இளகிய மனசு இருக்கிறது என்பதில் அவளுக்கு ரகசியமாக ஒரு பெருமையும் உண்டு.

நிஸார் அவளுக்கு அண்ணன் மட்டுமில்லை. அப்பா போனபோது அவள் கைக்குழந்தை, அவர் மீசை அரும்பிய பையன். தான் படிப்பை விட்டுவிட்டு, தங்கையை இழைகளைப் பற்றிப் படிக்க வைத்தார். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஒரு ஷால் நெய்யச் சொன்னார். மாதுளம்பூ நிறம். கல்யாணத்துக்கு முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு நேராகக் கூடத்துக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சின்னு சலுகையெல்லாம் வேணாம். முறைப்படி சோதனை பண்ணு. பாஸானாத்தான் உனக்குப் போத்துவேன்!"

எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். மஸரத்துக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். மூலையில் நூலை உருவினாள், பார்த்தாள், "சுத்தம்!" என்றாள். ஒரே கைதட்டல். நிஸார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடை நிறையக் கொண்டுவந்திருந்த பாகர்கானி ரொட்டியை எல்லாருக்கும் தன் கையாலேயே கொடுத்தார். இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று அங்கே வேலை பார்த்த பெண்கள் வாயைப் பிளந்தார்கள். இன்றைக்கும் அதைச் சொல்வார்கள்.

ஒன்பது குளிர்காலமாக மஸரத் அந்த ஷாலைத்தான் போர்த்துகிறாள். கழற்றும்போதெல்லாம் சடசடவென்று பொறி பறக்கும். "உங்க அண்ணன் ஷாலோட கரண்ட் கனெக்‌ஷனும் சேத்துக் குடுத்திருக்கார்" என்று அவள் புருஷன் கேலி பண்ணுவான். குளிரில் எல்லா ஷாலும் அப்படித்தான் என்று அவளும் வாயை அடைப்பாள்.

பெட்டி வந்த மறுநாள் காலை. ரொட்டிக் கடையில் கூட்டம். முன்னால் நின்ற ஹாஜிரா மாஸி திரும்பிப் பார்த்தாள். நிஸாருக்காக வெகுகாலமாக நூற்பவள். அவள் நூல் தலைமுடியைவிட மெல்லிசு என்று ஊரே சொல்லும்.

"மஸரத் ஜான், உன் அண்ணன்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லேன். இப்பல்லாம் கைப்பிடிப் பஷ்மினாதான் தர்றார். ராட்டை முக்கால் நாளும் தூங்குது. பக்கத்து வீட்டுல பாத்திரம் தேய்க்கப் போறேன், தெரியுமா? இந்த விரலை வச்சுக்கிட்டு!"

"என்ன மாஸி சொல்றீங்க? அண்ணன் கடையில வியாபாரம் அமோகமா நடக்குதே. போன மாசம்கூடப் பெட்டி பெட்டியாப் போச்சு."

"போச்சா? எனக்கு என்னமோ ஆர்டரே இல்லேன்னார். என்கூட நூக்கிற ஜோராவுக்கும் அதேதான். எங்க ரெண்டு பேர் நூலையும் சேத்தா ஒரு ஷால் தேறாது. கரைக்கு மட்டும் போதும்னு வாங்கிட்டுப் போறார். நடுவுக்கு என்னத்தைப் போட்டு நெய்யறாரோ, வைக்கோலையோ என்னமோ!"

மாஸி தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். மஸரத்தும் சிரித்துவைத்தாள். ரொட்டிக்காரன் கொடுத்த சூடான ரொட்டியை வாங்கிக்கொண்டு இரண்டு கடை தாண்டியதும் அவளுக்குக் கால் நின்றுவிட்டது. கரைக்கு மட்டும் போதும். கரைக்கு மட்டும் எதற்கு? மூலையில் என்னவோ அதுதானே நடுவிலும்?

ரொட்டியை வீட்டில் கொடுக்கவும் மறந்து கூடத்துக்குப் போனாள். பெட்டியைத் திறந்து ஒரு ஷாலை மேஜைமேல் முழுசாக விரித்தாள். நட்டநடுவில் ஊசியைக் குத்தி ஒரு நூலை நெம்பினாள். கை கூசியது. அந்த அழுத நெசவாளிக்கு அப்புறம் அவள் நடுவில் ஊசி வைத்ததே இல்லை. நூல் வந்தது, கோடு விழுந்தது.

இழை பிரித்துக் கண்ணை வைத்தாள். செதில் உள்ள இழைகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே, கூட்டத்தில் கலந்துவிட்ட பிக்பாக்கெட்காரன் மாதிரி, வழவழவென்று கண்ணாடிக் குச்சிகள். அயோடின் விட்டாள். எங்கேயும் நீலம் வரவில்லை. கையாலும் நூற்கவில்லை, மெஷின் நூல். அடுத்த ஷாலையும், அதற்கு அடுத்ததையும் நடுவில் குத்தினாள். சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு ஹாஜிரா மாஸியின் நூல். உள்ளே முழுக்கக் கலப்படம். கண்ணாடிக்குச் சட்டம் போட்ட மாதிரி நெய்திருந்தது. மெருகு ஏற்றிச் சாயம் போட்டுவிட்டால் தடவிப் பார்க்கிற கைக்கும் தெரியாது.

இப்படி நெய்ய வேண்டுமானால், அவள் எங்கே நூல் எடுப்பாள் என்பதை மட்டுமில்லை, வேறெங்கும் எடுக்கமாட்டாள் என்பதையும் நிச்சயமாகத் தெரிந்திருக்கவேண்டும். ஏன் எடுக்கமாட்டாள் என்பதும் தெரிந்திருக்கவேண்டும்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். சமோவாரில் உப்புச் சாயா கொதித்துக்கொண்டிருந்தது. நிஸார் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"வாங்க மகாராணி! என்ன இந்த நேரத்துல? கையைக் குடு. ஐயோ, பனிக்கட்டி!" தன் காங்ரியை எடுத்து அவள் மடியில் வைத்தார். "குடி முதல்ல, அப்புறம் பேசு."

மஸரத் பையிலிருந்து இரண்டு நூலை எடுத்து விரிப்பின்மேல் வைத்தாள். "இது மூலையில எடுத்தது. இது நடுவுல எடுத்தது."

நிஸார் நூலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"நடுவுல எடுத்தியா? நடுவுல எதுக்கும்மா எடுத்தே?"

அவர் மறுப்பார், கோபப்படுவார், நெசவாளியைத் திட்டுவார் என்றெல்லாம் வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப நீங்கதான் பண்ணீங்க."

"கத்தாதே, உள்ளே உன் அண்ணி காதுல விழும்."

"விழட்டும்."

"கேளு. பஷ்மினாவை மெஷின்ல நூத்தா அறுந்து அறுந்து போவுது. கொஞ்சம் நைலான் சேத்தாத்தான் நிக்கும். ஊர்ல எவன் பண்ணலை? எல்லாரும்தான் பண்றான்."

"எல்லாரும் பண்றாங்க. எல்லாருக்கும் லேபிள் கிடைக்கலையே பாய்ஜான். உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுது?"

நிஸார் கோப்பையைக் கீழே வைத்தார். குரல் குழைந்தது. "உனக்கு ஒரு பங்கம் வரக்கூடாதுன்னுதான்டி மூலையைச் சுத்தமா வச்சேன். நீ பாத்த இழை பஷ்மினாவா, இல்லையா? நீ எழுதினதுல ஒரு பொய் உண்டா? சொல்லு. மத்தவனாயிருந்தா உன்னைப் பொய்க் கையெழுத்துப் போடச் சொல்லிக் காலைப் பிடிச்சிருப்பான். நான் உன்னைப் பொய் சொல்ல வச்சேனா? உன் கையெழுத்தைக் காப்பாத்தியிருக்கேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று கேட்கிற சாமர்த்தியம் இது. ஆனால் சொன்னவர் குரலில் பாசம் இருந்தது. அதுதான் மஸரத்தைக் குழப்பியது. திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பாள்.

"ஹாஜிரா மாஸி பாத்திரம் தேய்க்கப் போறாங்க. உங்களால."

"அவளுக்கு நான் ஏதாவது பண்றேன். விடு."

"எப்பலேருந்து இப்படி?"

"போன குளிருக்குத்தான் ஆரம்பிச்சேன். கடை விழுந்துரும் போல இருந்துச்சு. உன்கிட்ட சொன்னா நீ தாங்கமாட்டே."

"அதுக்கு முன்னாடி?"

"ஒண்ணுகூட இல்லை. அம்மா கபர்மேல ஆணை."

சொல்லிவிட்டு ஃபெரன் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ ஒண்ணும் பொய் எழுத வேணாம். மூலையில எடுத்தேன், சுத்தமா இருந்துச்சு. அதை மட்டும் எழுது. வாங்கினவன் ஷாலையே மாத்தி அனுப்பிட்டான்னு மத்ததை நான் பாத்துக்கறேன். நீ எழுதலேன்னா நான் தெருவுலதான் நிக்கணும், மஸரத். உன்னைத் தூக்கி வளத்த கையில திருவோடு இருந்தா உனக்குச் சந்தோஷமா?"

மஸரத் சாயாவைத் தொடாமலே எழுந்தாள். வெளியே வரும்போது, எப்போதும் போல அவளுடைய செருப்பை எடுத்து வாசலில் நேராகத் திருப்பி வைத்தார் நிஸார்.

அன்று பகல் முழுக்க மஸரத் வேலை எதுவும் ஓடாமல் உட்கார்ந்திருந்தாள். அறிக்கையைக் கேட்டு வந்த சாகிப்பிடம், நாளைக் காலை சங்கம் கூடுவதற்குள் தருகிறேன் என்று தவணை சொன்னாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மா இல்லை. ஆத்திரம் வந்தது, கூடவே பரிதாபமும் வந்தது. ஒரு குளிர்காலம் தடுமாறிவிட்டார். அதற்கு முன்னால் எத்தனை வருஷம் சோறு போட்டிருக்கிறார்! ஒரு வருஷத் தப்புக்காக அத்தனையையும் தூக்கிக் குப்பையில் போட முடியுமா? மூலையில் எடுத்தேன், சுத்தமாக இருந்தது. அந்த வாக்கியத்தை மனசுக்குள் எழுதிப் பார்த்தாள். ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. ஹாஜிரா மாஸிக்கு அண்ணனை மறுபடி நூல் வேலை கொடுக்க வைக்கலாம். இனி யாராக இருந்தாலும் நடுவிலும் எடுப்பது என்று கூடத்தில் புது வழக்கம் கொண்டுவரலாம். யாருக்கும் நஷ்டமில்லை என்று தனக்குத்தானே வக்கீல் வைத்துப் பேசிக்கொண்டாள். காலையில் எழுந்தபோது அப்படியே எழுதிவிடுவது என்று பாதிக்குமேல் முடிவு பண்ணியிருந்தாள்.

கூடத்துக்கு வந்து, ஆணியில் மாட்டுவதற்காக மாதுளம்பூ ஷாலைக் கழற்றினாள். சடசடவென்று பொறி பறந்தது.

கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

சந்தேகப்பட்டுச் சோதிக்கவில்லை. அதை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை, சொன்னாலும் நம்பமாட்டார்கள். அண்ணனுக்குச் சாட்சியாகத்தான் சோதித்தாள். போன குளிருக்கு முன்னால் ஒன்றுகூட இல்லை என்று அம்மாவின் கபர்மேல் ஆணையிட்டிருக்கிறார். இந்த ஷால் அதற்கு எத்தனையோ வருஷம் முந்தியது. இது சுத்தமாக இருந்துவிட்டால் போதும். அண்ணன் நல்லவர், ஒரு வருஷம்தான் வழுக்கிவிட்டார் என்று தெம்பாக அந்த வாக்கியத்தை எழுதிவிடலாம்.

ஷாலை விரித்து நடுவில் ஊசியைக் குத்தினாள். நூலை உருவும்போது கண்ணை மூடிக்கொண்டாள். பல் பிடுங்குகிறவர் எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது செதில். அதற்குப் பக்கத்தில் கண்ணாடிக் குச்சி. அதற்குப் பக்கத்திலும் கண்ணாடிக் குச்சி. கண்ணாடிச் சில்லை மாற்றினாள். வெளிச்சத்தைக் கூட்டினாள். கண்தான் பழுது என்று நினைத்து ஒரு நூலைக் கொளுத்திப் பார்த்தாள். தலைமுடி கருகும் நாற்றத்தோடு நூல் உருகிச் சுருண்டது. நுனியில் கெட்டியாக ஒரு மணி. நகத்தால் நசுக்கினாள், நசுங்கவில்லை. பஷ்மினா எரிந்தால் பொடியாக உதிரும், மணி கட்டாது.

ஓரத்தைப் பார்த்தாள். நாலு விரல் அகலத்துக்குச் சுத்தம்.

பெட்டியில் இருந்த ஷால்களைப் பார்த்தபோது ஏமாந்துவிட்டோம் என்றுதான் தோன்றியது. இப்போதுதான் எத்தனை நாளாக என்று புரிந்தது. அன்றைக்கு ஏன் வீட்டில் கொடுக்காமல் கூடத்துக்குக் கொண்டுவந்தார்? ஏன் முறைப்படி சோதனை பண்ணச் சொன்னார்? எல்லாரும் சுற்றி நிற்க, அவள் சிரித்துக்கொண்டே மூலையில் கை வைத்தபோது, ஏன் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்? பாசம் என்று நினைத்தாளே. கள்ளச்சாவி பூட்டில் பொருந்துகிறதா என்று பார்க்க, தங்கையின் கல்யாணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார் மனிதர். பொருந்திவிட்ட சந்தோஷத்தில்தான் அந்தக் கண்ணீரும் பாகர்கானியும்.

அந்த நெசவாளிக்காக அவள் அழுதபோது மூலையில் எடு என்று சொன்னாரே, அதுவாவது நிஜமா? அதை எந்த மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். இவர் கழுத்தறுத்த கையாலேயே ஒன்பது வருஷம் ஈத் விருந்தில் ஊட்டியும் விட்டிருக்கிறார்.

கத்தரிக்கோலை எடுத்து, தன் ஷாலின் லேபிளைப் பிரித்தாள். அடியில் அன்றைக்கு அவள் நூல் உருவிய சின்ன இடைவெளி அப்படியே இருந்தது. லேபிள் அதை இத்தனை வருஷம் பத்திரமாகத்தான் மறைத்திருந்தது.

ஷாலை மடித்து எடுத்துக்கொண்டு த்ராபூ சாகிப்பின் அறைக்குப் போய், அவர் மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் லேபிளையும் வைத்தாள்.

"பெட்டியில இருக்கறது எல்லாமே கலப்படம் சார். ஓரம் மட்டும் சுத்தம். நான் மூலையில மட்டும் பாத்தேன், அது என் தப்பு. அப்படியே எழுதிடறேன். இதையும் அதுல சேத்துக்கோங்க."

சாகிப்புக்கு அந்த மாதுளம்பூ நிறத்தைத் தெரியாதா? பாகர்கானி தின்றவர்களில் அவரும் ஒருவர். "இது... உன் கல்யாண ஷால் இல்லையா?"

"ஆமா சார். முதல் ஷால் இதுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் வேலை போயிடும்மா. யோசிச்சுக்கோ."

"நான் போனாலும் லேபிள் இருக்கட்டும் சார். இனிமே நடுவுல எடுங்க, கோடு விழுந்தாப் பரவாயில்லை. நெசவாளிக்குச் சங்கம் ஈடு குடுக்கட்டும்."

தன் அறைக்குத் திரும்பி அறிக்கையை எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்போது போன் அடித்தது. அண்ணன்தான்.

"எழுதிட்டியாம்மா?"

"எழுதிட்டேன்."

"மூலையில எடுத்ததைத்தானே?"

"நடுவுல எடுத்தேன் பாய்ஜான்."

ஒரு பெருமூச்சு கேட்டது. கோபம் இல்லை, சலிப்புதான். "சொன்னேனே, போன குளிருக்கு அப்புறம் வந்ததுதான் அதெல்லாம். அதைப் போய்..."

"பெட்டியில இல்ல. நீங்க பாகர்கானி குடுத்த அன்னிக்குக் கொண்டு வந்தீங்களே, அதுல."

அந்தப் பக்கம் சமோவார் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மஸரத் காத்திருந்தாள். நெசவாளி ஏமாற்றிவிட்டான், நூல் கொடுத்தவன் மாற்றிவிட்டான், எனக்கே தெரியாது, ஏதாவது ஒன்று. ஒரே ஒரு பொய். இப்போதுகூட அதை நம்பத் தயாராக இருந்தாள், அதை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஊருக்கெல்லாம் அத்தனை பொய் சொன்னவர், தங்கைக்காக அந்த ஒன்றைச் சொல்லக் கூடாதா?

அவர் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.